சும்மா ஜாடி

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குத் தலைமை ஆசிரியர் தம் அறையின் இரும்பு அலமாரியைத் திறந்தார். அலமாரி திறந்த மறுகணமே, அங்கே நின்ற நான்கு பேரின் வாயும் திறந்துகொண்டது.

உள்ளே காந்த ஜாடி இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அதை வைத்துப் பூட்டியபோது, முற்றிய இலையைப் போல் கரும்பச்சையாக இருந்தது. இப்போதோ அரிசி களைந்த நீரைப் போல் வெளிறிக் கிடந்தது. அடியில் மட்டும் பச்சை வண்டல் படிந்திருந்தது.

"ஐயோ, செத்துப்போச்சு!" என்று அலறினான் ஸ்பீக்கர்.

அந்தப் பட்டப்பெயருக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவனுடைய அப்பா ஒலிபெருக்கி பழுதுபார்ப்பவர். அவன் மெதுவாகப் பேசினாலே மூன்றாவது வகுப்பறைக்குக் கேட்கும். அன்று அவன் மெதுவாகப் பேசவில்லை.

"கத்தாதப்பா! பள்ளிக்கூடமே கூடிடும்" என்றார் தலைமை ஆசிரியர்.

அவர் ஜாடியை எடுக்கப் போனார். அது வரவில்லை. ஜாடியைச் சுற்றிக் கட்டியிருந்த காந்தங்கள் அலமாரியின் இரும்புச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் இழுத்தார். அறிவியல் டீச்சர் சேர்ந்து இழுத்தார். ஸ்பீக்கர் டீச்சரின் பின்னால் நின்று, என்ன இழுப்பது என்று தெரியாமல் காற்றை இழுத்தான். 'டொப்' என்ற ஒலியோடு ஜாடி கையில் வந்தது.

அதுவரை வாய் திறந்தபடியே நின்றிருந்தாள் பென்சில். காதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் ஏழாம் வகுப்பில் அவளுக்கு அதுவே பெயர். அவள் தன் துணிப்பையிலிருந்து இன்னொரு ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சார், இதையும் கொஞ்சம் பாருங்களேன்."

அது பச்சை. சாதாரணப் பச்சையா? ஜாடிக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சரின் புடவை நிறம்கூடத் தெரியாத பச்சை!

"இது எந்த ஜாடி?" என்று டீச்சர் கேட்டார்.

"சும்மா ஜாடி, டீச்சர்."

மற்ற மூன்று வாய்களும் இரண்டாம் முறை திறந்தன.

நடந்தது இதுதான். நுண்பாசி என்பது தனித்தனியே கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பச்சை உயிர். கோடிக்கணக்கில் கூடினால்தான் நீர் பச்சையாகத் தெரியும். பென்சிலின் அம்மா வேலை பார்க்கும் பண்ணையில் மீன்குஞ்சுகளுக்கு அதுதான் தீனி. அங்கிருந்து ஒரு குவளைப் பாசியை வாங்கிவந்து, இரண்டு ஜாடிகளில் சமமாக ஊற்றினார்கள். ஒரே தண்ணீர், ஒரே சத்துநீர். ஒன்றில் மட்டும், ஸ்பீக்கரின் அப்பா பழைய ஒலிபெருக்கிகளிலிருந்து கழற்றிக் கொடுத்த காந்தங்களைக் கட்டினார்கள். அது காந்த ஜாடி. மற்றொன்று சும்மா நின்றது. ஆகவே அது சும்மா ஜாடி.

பச்சையை அளப்பதற்குப் பென்சில் ஓர் அட்டை செய்தாள். அதில் பத்துக் கோடுகள். தடிமனில் முதல் கோடு தலைமுடி அளவு, பத்தாவது கோடு கட்டைவிரல் அளவு. ஜாடியின் பின்னால் அட்டையைப் பிடித்தால், பாசியின் அடர்த்திக்கு ஏற்பக் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும்.

வெள்ளிக்கிழமை, காந்த ஜாடி ஆறு கோடுகளை மறைத்தது. சும்மா ஜாடி மூன்றை மறைத்தது. இருமடங்கு! பள்ளியே துள்ளியது. தலைமை ஆசிரியர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார்; அறிவியல் கண்காட்சிக்கு, "காந்தம் கட்டினால் பாசி இருமடங்கு!" என்று தலைப்பும் எழுதி அனுப்பினார். மூன்று நாள் விடுமுறையில் யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று காந்த ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சும்மா ஜாடியை யார் பூட்டுவார்கள்? யார் திருடுவார்கள்? அது ஆய்வக மேசையின் ஓரத்தில் தனியே நின்றது. பென்சிலுக்கு மனம் கேட்கவில்லை. "பாவம், மூணு நாள் துணையில்லாம கிடக்குமே" என்று, டீச்சரிடம் சொல்லிவிட்டு அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

இப்போது டீச்சர் இரண்டு ஜாடிகளையும் நன்றாகக் குலுக்கி, அட்டையைப் பிடித்தார். காந்த ஜாடி ஐந்து கோடுகள். சும்மா ஜாடி எட்டு!

"நீதான் ஏதோ செஞ்சிருக்க!" ஸ்பீக்கரின் முகம் சிவந்தது. "உங்க அம்மாகிட்டச் சொல்லிப் புதுப் பாசி ஊத்திட்ட!"

"ஒரு சொட்டுகூட ஊத்தலடா!"

"அப்புறம் எப்படி? காந்தமும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல, அது பாட்டுக்கு எட்டுக் கோடு மறைக்குது?"

"எனக்கு மட்டும் தெரியுமா? நானே அதிர்ச்சியாகி நிக்கிறேன்."

மணி அடித்தது. தலைமை ஆசிரியர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "தலைப்ப அனுப்பிட்டேனே! பெரிய எழுத்துல அனுப்பிட்டேனே!" என்று அவர் முனகுவது வராந்தா வரை கேட்டது.

வராந்தாவில் ஸ்பீக்கர், பென்சிலின் கையைப் பிடித்து நிறுத்தினான். கோபம் போய்விட்டிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"எங்க அப்பா கண்காட்சிக்காக லீவு போட்டுட்டார். நம்ம காந்தம்தான் ஜெயிச்சுதுன்னு தெருவுக்கே சொல்லி வெச்சிருக்கார். நான் அவர்கிட்ட என்னன்னு போய்ச் சொல்றது?" அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தான். "ஒண்ணு செய்வோம். காந்தத்தக் கழட்டிப் பச்சை ஜாடியில கட்டிடுவோம். ஒரு நிமிஷ வேலை. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

ஈ காக்கைக்குத் தெரிந்ததோ இல்லையோ, அவன் கிசுகிசுத்தது மூன்றாவது வகுப்பறைக்குக் கேட்டுவிட்டது. ஏழாம் வகுப்போ முதல் அறை!

பென்சில் உள்ளே நுழைந்தபோது வகுப்பே எழுந்து நின்றது.

"மாத்திடு பென்சில்!"

"நம்ம ஸ்கூல்தான் ஜெயிக்கணும்!"

"அங்க வர்றவங்களுக்கு எந்த ஜாடி எதுன்னு கனவா வரப்போகுது?"

பென்சிலுக்கு அன்றைய அதிர்ச்சிகளிலேயே பெரிய அதிர்ச்சி இதுதான். தினமும் தன்னோடு விளையாடும் தோழர்கள்! எழுதுகோல் தொலைந்தால் சேர்ந்து தேடித் தருகிறவர்கள்! அவர்களா இப்படிச் சொல்கிறார்கள்? அதுவும் இவ்வளவு உற்சாகமாகவா?

அவளுக்குக் கோபம் பொங்கியது. கத்தத் தோன்றியது. ஆனால் ஸ்பீக்கர் இருக்கும் வகுப்பில் கத்தி வெல்ல முடியுமா?

"சரி, மாத்தணும்னா மாத்தலாம்" என்றாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இந்த ஜாடி ஏன் பச்சையாச்சு?"

"உங்க வீட்ல என்ன பண்ணீங்க? அதச் சொல்லு முதல்ல" என்றாள் முதல் வரிசைப் பெண் ஒருத்தி.

"ஒண்ணுமே பண்ணல. சமையலறை ஜன்னல்ல வெச்சிருந்தோம். அப்பா பல் தேய்க்கும்போது எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். அம்மா பாத்திரம் கழுவும்போது குலுக்குவாங்க. பண்ணையிலகூட அடிக்கடி கலக்கி விடுவாங்களாம், அந்தப் பழக்கம். தங்கச்சி போறப்ப வர்றப்ப எல்லாம் குலுக்குவா. அவ என்னையே தூங்கும்போது குலுக்குறவ..."

வகுப்பு சிரித்தது. பென்சில் சிரிக்கவில்லை. பாதிச் சொல்லில் நின்றுவிட்டாள். கண்கள் அகன்றன. கை தானாகக் காதுக்குப் போய்ப் பென்சிலை உருவியது.

"எல்லாரும் உண்மையச் சொல்லுங்க. பூட்டி வைக்கிறதுக்கு முந்தின பத்து நாள்ல, ஆய்வகத்துல காந்த ஜாடியக் கையில எடுத்துக் குலுக்கினவங்க யார் யார்? கை தூக்குங்க."

ஒரு கை உயர்ந்தது. பிறகு நான்கு. பிறகு வகுப்பு முழுவதும்.

"நான் தினமும் எடுப்பேன். குண்டூசி ஒட்டுதான்னு பார்ப்பேன்."

"நான் ஜன்னல்கிட்டக் கொண்டுபோய் வெயில்ல பிடிச்சுப் பார்ப்பேன்."

"நான் பக்கத்து வகுப்புப் பசங்களுக்குக் காட்டினேன். ஆளுக்கொரு குலுக்கு!"

பென்சில் எண்ணினாள். முப்பத்தெட்டுப் பேர், முப்பத்தெட்டுக் கைகள். தன் கையையும் உயர்த்தினாள், முப்பத்தொன்பது. கதவருகில் ஓர் அசைவு தெரிந்தது. அறிவியல் டீச்சரும் வெட்கத்தோடு கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் தலைமை ஆசிரியரின் கை!

"விருந்தாளி வந்தா எல்லாருக்கும் காட்டுவேம்மா" என்றார் அவர். "மருந்து பாட்டில் மாதிரி நல்லாக் குலுக்கி, வெளிச்சத்துல பிடிச்சு..."

"சரி, கை இறக்குங்க. இப்ப, சும்மா ஜாடியக் குலுக்கினவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட உயரவில்லை.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நாள், இரண்டு ஜாடிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றை ஊரே தூக்கிக் கொஞ்சியது, வெளிச்சத்தில் ஏந்தியது, அடியில் தங்கவிடாமல் கலக்கியது. மற்றொன்றை ஒருவரும் தொடவில்லை. பிறகு, கொஞ்சிய ஜாடி இருட்டில் பூட்டப்பட்டது. தொடாத ஜாடி ஜன்னலுக்கு வந்தது. பச்சையும் இடம் மாறியது!

"அப்படின்னா பாசிய வளர்த்தது காந்தம் இல்லையா? நாமதானா?" என்று கேட்டான் ஸ்பீக்கர். வாழ்நாளில் முதன்முறையாக அவன் குரல் பக்கத்தில் நின்ற பென்சிலுக்கு மட்டுமே கேட்டது.

"அதுவும் தெரியாதுடா" என்றாள் பென்சில். "உன் காந்தம் பொய்யின்னு நான் சொல்லல. அதுக்கு நியாயமா ஒரு போட்டி நடக்கவே இல்லன்னுதான் சொல்றேன். ஒருத்தன ஓடவிட்டு, இன்னொருத்தன உக்காரவெச்சுட்டு, ஓடினவன் ஜெயிச்சான்னு கைதட்டியிருக்கோம்."

தலைமை ஆசிரியர் நெற்றியைத் துடைத்தார். "தலைப்பு என்னாகும்?"

"தலைப்ப மாத்திக்கலாம் சார். இன்னும் பதினோரு நாள் இருக்கு. ஜாடிய மாத்த வேண்டாம்."

அவர் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு, "சரி. வெட்கத்த நான் பார்த்துக்கறேன். நீங்க பாசியப் பாருங்க" என்றார்.

மறுநாளே புதுப் பாசி வந்தது. இம்முறை பென்சில் யாரையும் நம்புவதாக இல்லை. தன்னையும் நம்புவதாக இல்லை! ஸ்பீக்கரின் அப்பா, காந்தங்களின் அளவிலும் எடையிலும் வெறும் இரும்பு வளையங்களை வெட்டிக் கொடுத்தார். நூலக அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு ஜாடியில் காந்தத்தையும் மற்றொன்றில் இரும்பையும் கட்டி, இரண்டையும் ஒரே வகைக் காகிதத்தால் கழுத்துவரை... இல்லை, இடுப்பில் மட்டும் சுற்றினார். கழுத்துவரை சுற்றினால் பாசிக்கு வெளிச்சம் ஏது? ஜாடிகளின்மேல் ஒன்று, இரண்டு என்று எழுதினார். எது எது என்பதைச் சீட்டில் எழுதி, உறையில் இட்டு, நூலக முத்திரையைக் குத்தினார்.

"தலைமை ஆசிரியர் கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா.

"நான் ஏற்கெனவே கேட்டுட்டேன். சொல்லல" என்று ஒப்புக்கொண்டார் தலைமை ஆசிரியர்.

பள்ளி மணி அடிக்கும்போதெல்லாம் இரண்டு ஜாடிகளுக்கும் பத்துப் பத்துக் குலுக்கல். ஒவ்வொரு நாளும் இடம் மாற்றம். குண்டூசி கொண்டுவரத் தடை. குலுக்குகிற பொறுப்பைப் பென்சில் ஸ்பீக்கரிடம் கொடுத்தாள். வகுப்பு அதிர்ந்தது. ஸ்பீக்கர் அதைவிட அதிர்ந்தான்.

"என்கிட்டயா? நான்தான மாத்திடலாம்னு சொன்னேன்?"

"அதனாலதான். நீ குலுக்கினா ஒருத்தரும் சந்தேகப்பட முடியாதபடி குலுக்குவ."

ஏழு நாள்கள் அவன் அப்படியே செய்தான். மூன்றாவது வகுப்பறை வரை கேட்கும்படி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக் குலுக்கினான்.

எட்டாம் நாள் மதியம், அவன் முகம் அந்தப் பழைய காந்த ஜாடி போல் வெளிறியிருந்தது.

"பென்சில், ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

அவன் கழுத்தில் கயிற்றோடு தொங்கிய வீட்டுச் சாவியைக் காட்டினான். "குனிஞ்சு எடுத்தேன். சாவி போய் ஒரு ஜாடியில 'டக்'குனு ஒட்டிக்கிச்சு. எது காந்தம்னு தெரிஞ்சுபோச்சு."

பென்சிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயையோ! எப்போ?"

"காலையில. உடனே பயம் வந்துடுச்சு. நம்ம காந்தத்துக்குச் சலுகை காட்டிடுவேனோன்னு பயந்து பயந்து... அடுத்த மணியில இன்னொரு ஜாடிக்கு நாலு குலுக்கு அதிகமாப் போட்டுட்டேன்!"

பென்சில் அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த உலகத்தில், ஏமாற்றிவிடுவோமோ என்ற பயத்தில் தனக்கே எதிராக ஏமாற்றியவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்!

"சிரிக்காத! எழுதிக்கோ. நோட்டுல எழுது. இனிமே நீ குலுக்கு, என் கை வேண்டாம். எந்த ஜாடின்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப மத்ததுக்கு நாலு குலுக்கு எப்படிப் போடறது?"



"நானே போட்டுடறேன். நீ திரும்பி நில்லு" என்றான் ஸ்பீக்கர். பென்சில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான்கு குலுக்கல். "முடிஞ்சுது. இப்ப எழுது" என்றான். அவள் ஒன்றுவிடாமல் எழுதினாள்.

கண்காட்சி நாள். பெரிய கூடம், வரிசை வரிசையாக மேசைகள். ஏழாம் வகுப்பின் மேசைமேல் புதுத் தலைப்பு நின்றது: "காந்தம் பாசியை வளர்க்குமா? உங்கள் முன்னிலையில் உறை பிரிக்கப்படும்." பிரிக்காத உறை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கூட்டம் நெருக்கியது. முன்வரிசையில், சலவைச் சட்டையில், ஸ்பீக்கரின் அப்பா.

பென்சில் அட்டையைப் பிடித்தாள். ஒன்றாம் ஜாடி: ஏழு கோடுகள் மறைந்தன. இரண்டாம் ஜாடி...

"ஏழு" என்றாள். கூட்டத்தில் மூச்சு நின்றது. மறுபடியும் பார்த்தாள். டீச்சர் பார்த்தார். ஏழேதான்.

நூலக அக்கா உறையைக் கிழித்தார். "ஒண்ணுல இரும்பு. ரெண்டுல காந்தம்."

எதுவாக இருந்தால் என்ன? ஏழுக்கு ஏழு!

பென்சில் பேச வாயெடுத்தாள். அதற்குள் ஸ்பீக்கர் ஒரு நாற்காலிமேல் ஏறிவிட்டான். அவன் குரல் கூடத்தின் கடைசி மேசைவரை போயிற்று.

"எல்லாரும் கேளுங்க! காந்தம் கட்டினா பாசி ரெண்டு மடங்கு வளரும்னு நாங்க முன்னாடி சொன்னோம். அது தப்பு! எங்க காந்தம் ஒண்ணுமே பண்ணல! எப்படி ஏமாந்தோம்னு தெரிஞ்சுக்கணுமா? இங்க வாங்க! முப்பத்தொன்பது பேரும், டீச்சரும், தலைமை ஆசிரியரும் சேர்ந்து ஏமாந்தோம்!"

"என்னையும் சேர்த்துச் சொல்லிட்டானே" என்று பெருமூச்சு விட்டார் தலைமை ஆசிரியர். ஆனால் அவர்தான் முதலில் கைதட்டினார்.

மற்ற மேசைகள் காலியாயின. எல்லாரும் ஏமாந்த கதையைக் கேட்க வந்துவிட்டார்கள்.

கூட்டம் குறைந்ததும் ஸ்பீக்கர் நாற்காலியிலிருந்து இறங்கினான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

"நம்ம காந்தம் தோத்துடுச்சாப்பா?" என்று அப்பா கேட்டார்.

"காந்தம் தோக்கலப்பா. நாங்க சொன்னதுதான் தோத்துடுச்சு. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களே..."

"அதனால என்ன? மறுபடியும் போய்ச் சொல்றேன். எங்கிட்ட என்ன, குரலா இல்ல?" அப்பா சிரித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்பீக்கருக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று பென்சிலுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்படின்னா காந்தத்தால பாசிக்கு ஒண்ணுமே ஆகாதாம்மா?" என்று அவளிடம் திரும்பினார் அப்பா.

"தெரியாது மாமா. இந்தக் காந்தம், இந்தப் பாசி, இந்தப் பத்து நாள். இதுக்குமேல எங்களுக்குத் தெரியாது. இதவிடப் பலமான காந்தம்னா ஒருவேளை..."

"கடையில ஒரு பெரிய ஒலிபெருக்கி கிடக்கு. அதுல தட்டு மாதிரி காந்தம்! கழட்டித் தரட்டுமா?"

பென்சிலும் ஸ்பீக்கரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"காந்தம் கொடுங்க மாமா. அதே அளவுல வெறும் இரும்பும் வேணும்."

"அப்புறம் ரெண்டு ஜாடி பத்தாதுப்பா! இருபது வேணும்!" என்றான் ஸ்பீக்கர், தெருவுக்கே கேட்கும்படி.

மறுநாள் காலை, ஸ்பீக்கர் வீட்டுத் தெருவின் சமையலறைகளில், ஜாடியை இழந்த உப்புக்கும் சர்க்கரைக்கும் குடியிருக்க இடமில்லாமல் போயிற்று.